பொன்வடிவு செய்த உளி

முப்பிடாதிகுளத்தில் கடைந்த மரம் மெஷினை விட்டு இறங்கிய பிறகும் சுற்றும் என்பது இன்றைக்கு அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாமல் இருந்த காலமும் ஒன்று உண்டு. அந்தக் காலம், லிங்கதுரையின் மனைவி பொன்வடிவு தன் ஒடிந்த கைக்கென்று செய்த உளியை முதன்முதலாக மரத்தில் வைத்த மாசி மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு முடிந்தது.

பொன்வடிவு அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவளே தவிர அங்கே வாழ்ந்தவள் இல்லை. பதினாறு வருஷம் புருஷனும் அவளும் கோயம்புத்தூரில் இருந்தார்கள். அவன் வெல்டிங் பட்டறையில், அவள் பம்பு செய்யும் கம்பெனியில். இரும்பைக் கடையும் மெஷினுக்கு முன்னால் நின்று, வெட்டும் முனையான கார்பைடு டிப்பு தேய்ந்ததும் கழற்றிப் புது டிப்பை மாட்டி, இரும்பு நீலச் சுருளாக உரிந்து விழுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்த வேலையின் மேல் ஒரு மோகமே வந்திருந்தது. அப்புறம் ஒரு மழைநாளில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. டம்ளரைப் பிடிக்க முடியும், பூட்டைத் திறக்கிற மாதிரி கையைத் திருப்ப முடியாது. ஊருக்கே போய் ஒரு வெல்டிங் பட்டறை போடலாம் என்று லிங்கதுரை சொன்னான். விடைபெறும் அன்று சூப்பர்வைசர் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கழித்துப் போட்ட டிப்புகளில் ஒரு டப்பா தாருங்கள் என்று கேட்டு வாங்கி வந்தாள். இரும்புக்குத்தான் அவை தேய்ந்தவை, மரத்துக்கு இன்னும் ஒரு ஆயுசு வேலை செய்யும் என்பது அவள் கணக்கு.

ஊரில் கடைசல் தெரு என்று ஒரு தெரு. இருபத்தேழு பட்டறை. கட்டில் கால், ஊஞ்சல் கால், மாடிப்படிக் கம்பம், பூரிக்கட்டை, மத்து என்று காலையில் ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் சத்தம் பொழுது சாயும்போதுதான் ஓயும். அதில் ஒரு பட்டறை லிங்கதுரையின் சித்தப்பாவுடையது. அவர் போன பிறகு மெஷின் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதை நான் ஓட்டுகிறேன் என்று பொன்வடிவு சொன்னபோது தெருவே தன் தலைவர் வைரவநாதன் முகத்தைப் பார்த்தது.

வைரவநாதன் கெட்ட மனுஷன் இல்லை. நாற்பது வருஷமாக உளி பிடித்தவர், உளி எகிறிக் கண் போனவர்களையும் விரல் போனவர்களையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர். அதனாலேயே ஒரு சட்டம் வைத்திருந்தார். யாராக இருந்தாலும் அவருடைய சாணைக்கல்லில் உளியைத் தீட்டி, அவர் கண் முன்னால் ஒரு கட்டையில் அறாத சுருள் ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் தெருவில் மெஷின் சுவிட்சைத் தொடலாம். பொன்வடிவு மூன்று தரம் முயன்றாள். சுருள் எடுக்க உளியைச் சாய்த்து உருட்ட வேண்டும், மணிக்கட்டு உருளவில்லை. மூன்று தரமும் உளி மரத்தைக் கடித்து இழுத்தது, மூன்றாவது தரம் கட்டை கழன்று பறந்து கூரை ஓட்டை உடைத்தது.

"கை ஒத்துழைக்காத வேலை வேண்டாம் தாயி," என்றார் வைரவநாதன், அவளைப் பார்க்காமல் ஓட்டைப் பார்த்துக்கொண்டு. "உன்னையத் தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பு இல்ல."

"கை இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. உளிய மாத்திப் பாக்கேன்," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் அரை இஞ்சு சதுர இரும்புக் கம்பி ஒரு முழம் கேட்டாள். அதன் நுனியை அரத்தால் ராவி, டிப்பு உட்கார ஒரு சின்னப் படி எடுத்தாள். ராவ ராவக் கை வலித்தது, வலிக்கும்போது இடது கைக்கு மாற்றிக்கொண்டாள், நான்கு நாள் ராவினாள். படியில் துளை போடும்போது இரண்டு டிரில் முறிந்தது, மூன்றாவது துளைத்துவிட்டது. துளைக்கு மரை போட்டு, வட்ட டிப்பு ஒன்றைச் சின்னத் திருகாணியால் முடுக்கினாள். பிடிக்கு வாகைக் கொம்பு, முழங்கைக்குக் கீழே அடங்குகிற நீளம். எல்லோரும் வைத்திருக்கும் உளியைப் போல இதைச் சாய்க்க வேண்டாம், உருட்ட வேண்டாம், தீட்ட வேண்டாம். மெஷினின் முன்னால் இருக்கும் தாங்கியில் தட்டையாக வைத்து, நெஞ்சு உயரத்தில் நேராக உள்ளே தள்ளினால் போதும். டிப்பின் ஒரு பக்கம் மழுங்கினால் திருகாணியைத் தளர்த்தி நகத்தளவு திருப்பிக்கொள்ளலாம். லிங்கதுரை அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான்.

"கொக்கு மாதிரி இருக்குட்டி," என்றான்.

"கொத்துதான்னு பாப்போம்," என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரு சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே, அவள் சாக்கை எடுத்தாள், சுவிட்சைப் போட்டாள். ஒரு துண்டு வாகையிலிருந்து மோர் கடையும் மத்து ஒன்று கடைந்தாள். மணிக்கட்டு அசையவே இல்லை, உடம்புதான் முன்னும் பின்னும் போய் வந்தது. சுருள் அறாமல் வந்தது, அவள் காலைச் சுற்றி முழங்கால் வரை ஏறியது. மெஷினை நிறுத்தினாள். மெஷின் நின்றது, மத்து நிற்கவில்லை. கழற்றிக் கையில் எடுத்தாள். இறுக்கிப் பிடித்தால் நின்றது, பிடியைத் தளர்த்தினால் உள்ளங்கையில் குறுகுறுவென்று சுற்றியது. வேலை நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதைப் பக்கத்து வீட்டுப் பால்காரி சண்முகக்கனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சண்முகக்கனி பானையில் மத்தை விட்டாள், கையை எடுத்தாள், மத்து தானாகக் கடைந்தது. அவள் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஆய்ந்து முடித்தபோது வெண்ணெய் திரண்டிருந்தது.

"மதினி, இதுல ஒரு குறை இருக்கு," என்று அவள் சாயங்காலம் வந்து சொன்னாள். "கழுவிக் கவுத்துனா ஓடிப்போகுது. எங்கன கட்டிப்போட?"

ஆணியில் நூலால் கட்டிப்போடச் சொன்னாள் பொன்வடிவு. ஒரு வாரத்தில் அந்தப் பக்கத்து வீடுகளிலெல்லாம் அடுப்படிச் சுவரில் மத்துகள் கோழிக்குஞ்சு மாதிரி நூலில் கட்டுண்டு துள்ளிக்கொண்டிருந்தன. அப்புறம் பூரிக்கட்டை. அது மாவின் மேல் தானே போய் வந்தது, மாவு தீர்ந்தால் அடுத்த வீட்டு மாவைத் தேடிப் போனது. முதலில் அதனால் இரண்டு வீட்டுக்குச் சண்டை, பிறகு இரண்டு வீடும் ஒரே வேளையில் பூரி போடுவது என்று ஏற்பாடாகி, கடைசியில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஏழெட்டுக் குடும்பங்கள் அப்படிச் சேர்ந்தன. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, எங்கிருந்து கரண்ட் எடுக்கிறார்கள் என்று சுவரெல்லாம் தடவிப் பார்த்து, தன் நோட்டில் 'காற்று' என்று எழுதிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்து வாத்தியார் இது நடக்க வழியில்லை என்று முதலில் சொன்னார். மறுநாள் வகுப்பில் பூமி சுற்றுவதைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, இத்தனை வருஷம் இதைச் சொல்கிறேன், ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லையே என்று யோசித்து, அன்று மாலையே தன் வீட்டுக்கும் ஒரு மத்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் ஊர் முழுக்க அதை மனதார ஏற்றுக்கொண்டது பிரமு அக்காவின் கட்டிலால்தான். பெரிய குளத்து மடையைத் திறந்து அடைக்கும் தளவாயின் அக்கா அவள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஆறு வருஷமாகப் படுக்கை. அவள் கட்டிலுக்கு நான்கு கால் கடைந்து கொடுத்தாள் பொன்வடிவு. நான்கு பம்பரத்தின் மேல் வைத்த மாதிரி கட்டில் மெல்ல மிதந்து நகர்ந்தது. பிரமு அக்கா ஒரு மூங்கில் கழியை வாங்கித் தரையில் ஊன்றி, படகு தள்ளுவது போலக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு, ஆறு வருஷத்தில் முதல் தரமாக வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, சந்தைக்குப் போய்ப் படுத்தபடியே கத்திரிக்காய் பொறுக்கினாள். காய்காரன் தராசைப் பிடித்தபடி, சொத்தை போட மாட்டேன் அக்கா என்றான். நான் பார்த்துப் பொறுக்குகிறேன், அதற்குத்தானே வந்தேன் என்றாள் அவள்.

ஆவணி மாதம் வைரவநாதன் பொன்வடிவின் பட்டறைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றார்.

"அந்த உளிய ஒரு நாள் குடு தாயி."

கொடுத்தாள். அவர் தன் பட்டறையில் அதைக் கொண்டு ஒரு மத்து கடைந்தார். அவர் கைக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அவளுடையதைவிட வடிவான மத்து. மெஷினை நிறுத்தினார், மத்தும் நின்றது. இன்னொன்று கடைந்தார், அதுவும் நின்றது. மறுநாள் உளியைத் துணியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உன் கையில சுத்துது. என் கையில சுத்தல."

"இது ஒடிஞ்ச கைக்குச் செஞ்ச உளி அண்ணாச்சி," என்றாள் பொன்வடிவு. "ஒங்க கைக்கு ஒண்ணு நீங்க செஞ்சு பாருங்க." டப்பாவைத் திறந்து மூன்று டிப்பு எடுத்து வாசல்படியில் வைத்தாள். அவர் அவற்றைப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவள் பெருக்க வந்தபோது படியில் டிப்புகள் இல்லை. பிள்ளைகள் எடுத்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஏழு நாள் வானம் வெளுக்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய தண்ணீரெல்லாம் பெரிய குளத்துக்கு வந்தது. எட்டாம் நாள் விடிந்ததும் தளவாய் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக ஓடிவந்தான். மடையின் இரும்புக் கதவைத் தூக்கும் திருகு முறிந்துவிட்டது, கதவு அடியில் மணலில் கவ்விக்கொண்டது, தண்ணீர் கரையின் தலையை நக்குகிறது, தென்மூலையில் கரைக்குள்ளிருந்து ஊற்று கிளம்பிவிட்டது. கரைக்குக் கீழே ஊரின் பாதி இருந்தது. நாற்பது ஆண்கள் கதவில் கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு கையை அறுத்ததுதான் மிச்சம். டவுனிலிருந்து மெஷின் வர வேண்டும், டவுன் சாலையில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர்.

பொன்வடிவு கரையில் நின்று முறிந்த திருகைப் பார்த்தாள். பிறகு கரையில் மழைக்குச் சாய்ந்து கிடந்த புளியமரத்தைப் பார்த்தாள்.

"அந்த மரத்துல ஒரு துண்ட உருளையாக் கடைஞ்சுட்டா, கயித்த அது சுத்திக்கிடும். மனுசன் நிப்பான். அது நிக்காது."

யாரும் அது நடக்குமா என்று கேட்கவில்லை. ரம்பம் எங்கே என்றுதான் கேட்டார்கள். ஆறடித் துண்டு ஒன்றை அறுத்து இருபது பேர் தூக்கினார்கள். அவ்வளவு பெரிய மரம் ஏறுகிற மெஷின் ஊரில் ஒன்றுதான், மண்டபத் தூண் கடைவதற்காக வைரவநாதன் வைத்திருந்தது. அவர் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். மரத்தை ஏற்றிய பிறகுதான் கரண்ட் இல்லை என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. மூன்று நாளாகவே இல்லை.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பிரமு அக்காவின் குரல் வந்தது. கட்டிலின் மேல் குடையைக் கட்டிக்கொண்டு அவளும் வந்திருந்தாள்.

"காலக் கழட்டிக்கோங்க," என்றாள்.

"அக்கா, ஒங்க கட்டிலு," என்று பொன்வடிவு இழுத்தாள்.

"ஆறு வருசம் கெடந்தவ, இன்னும் நாலு நாளு கெடக்க மாட்டனா? கழட்டுட்டி."

கட்டிலை நான்கு செங்கல் அடுக்கின் மேல் இறக்கிவிட்டு, நான்கு காலையும் லிங்கதுரை ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு பெல்ட்டைப் போட்டு, மெஷினின் சக்கரத்தில் மாட்டினான். பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். புளியமரம் முதலில் முனகியது, பிறகு சுற்ற ஆரம்பித்தது.

முதலில் வைரவநாதன்தான் உளியை வைத்தார். தெருவில் அவருடைய உளிக்கு நிகரான உளி இல்லை. ஆனால் மரம் நனைந்த மரம், பட்டையின் மடிப்பெல்லாம் மணல், வேண்டுதலுக்கு யார் யாரோ அடித்த ஆணிகள் உள்ளே புதைந்து கிடந்தன. ஒரு நிமிஷத்தில் உளியின் வாய் மழுங்கிப் போனது. இரண்டாவது எடுத்தார், அதுவும் போனது. சாணைக்கல்லோ கரண்ட் இல்லாமல் மூலையில் நின்றது. அவர் ஒதுங்கிக்கொண்டார்.

பொன்வடிவு தாங்கியில் தன் கொக்கை வைத்து, பிடியை முழங்கைக்குக் கீழே அடக்கி, உடம்பால் தள்ளினாள். மணல் கிறீச்சிட்டது, ஆணியில் பட்டபோது தீப்பொறி பறந்தது, டிப்பு தாங்கியது. ஒரு பக்கம் போனால் திருகாணியைத் தளர்த்தித் திருப்பினாள், முழு வட்டமும் போனால் புதிது மாட்டினாள். ஆனால் ஆறடி மரம். ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை, மணிக்கட்டு பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. கரையிலிருந்து ஆள் வந்து, தென்மூலையில் ஊற்று கலங்கலாக வருகிறது என்றான். கலங்கல் என்றால் கரையின் மண் கரைகிறது என்று அர்த்தம்.

வைரவநாதன் மழையில் இறங்கித் தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது வேட்டி மடிப்பில் ஏதோ இருந்தது. எடுத்தார். சதுரக் கம்பி, நுனியில் படி எடுத்து முடுக்கிய சதுர டிப்பு, ஈட்டி மரப் பிடி, பிடியில் அவர் விரல் ஐந்துக்கும் ஐந்து பள்ளம்.

"புரட்டாசியிலயே செஞ்சுட்டேன்," என்றார். தெருவே கேட்கட்டும் என்பது போலச் சத்தமாகத்தான் சொன்னார். "மெஷின்ல வைக்க வெக்கமா இருந்துச்சு. நின்னுட்டா என்ன செய்யன்னு பயமாவும் இருந்துச்சு."

"இந்த முனையில நான் நிக்கேன், அந்த முனைய நீங்க புடிங்க அண்ணாச்சி," என்றாள் பொன்வடிவு.

இருவரும் ஆளுக்கொரு முனையிலிருந்து நடுவை நோக்கி வந்தார்கள். அவளுக்கு வட்டச் சுருள், அவருக்குப் பட்டைச் சுருள்; ஈரச் சீவல் இரண்டு பேரையும் இடுப்பு வரை மூட, சண்முகக்கனியும் மற்றப் பெண்களும் கூடை கூடையாக அள்ளி வெளியே கொட்ட, கொட்டியது தெருவில் ஒரு மேடாகி, அந்த மேடு தெருவுக்குள் வந்த தண்ணீரைத் தடுத்து நிறுத்த, மத்தியானத்துக்குச் சற்று முன்னால் இரண்டு உளியும் நடுவில் சந்தித்தன. லிங்கதுரை பெல்ட்டைக் கழற்றினான். வைரவநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தொறந்து பாருங்க," என்றாள் பொன்வடிவு.

உருளை சுற்றிக்கொண்டிருந்தது. இந்த முனை அந்த முனை என்ற வித்தியாசம் இல்லாமல், முழுசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தன் முனையில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார், முகம் முழுக்க மழைத்தண்ணீர் என்பதால் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

அதைக் கரைக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. ஒரு கை விட்டாலும் உருளை திமிறியது. முப்பது பேர் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடிப்பது போல அணைத்துக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். மடைக்கு இருபுறமும் நிற்கும் கல்தூண்களின் தலைப்பள்ளத்தில் அதன் இரு முனையையும் உட்கார வைத்து, கோயிலிலிருந்து கொண்டுவந்த தேர் வடத்தின் ஒரு நுனியைக் கதவின் வளையத்திலும் மறு நுனியை உருளையிலும் கட்டினார்கள். தளவாய் கதவருகே குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தான். "விடுங்க," என்றாள் பொன்வடிவு. முப்பது பேரும் ஒரே நேரத்தில் விட்டார்கள்.

வடம் ஒரு சுற்று சுற்றியது, இரண்டு சுற்று, விறைத்தது. உருளை மெதுவானது. நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்த அளவுக்கு மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. ஒரு நெல்லளவு, இன்னொரு நெல்லளவு என்று திரும்பியது. கல்தூண் முனகியது. வடத்திலிருந்து தண்ணீர் பிழிந்து ஒழுகியது. பிறகு அடியில் எங்கேயோ மணல் கவ்வலை விட்டது, நாற்பது ஆண்கள் அசைக்க முடியாத கதவு ஒரு சாண் எழும்பியது, தண்ணீர் அந்த ஒரு சாணில் மூக்கை நுழைத்து, மடையின் வாய் நிறையச் சிவப்பாகப் பாய்ந்து, கால்வாயில் விழுந்து, ஆற்றை நோக்கி ஓடியது. கரையெல்லாம் அதிர்ந்தது. உருளை நிற்காமல் கதவை முழுக்கப் பிடுங்கப் பார்த்தபோது சண்முகக்கனியும் பதினைந்து பெண்களும் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்து நிறுத்த, வடத்தைத் தூணோடு சேர்த்துக் கட்டினான் லிங்கதுரை. பொழுது சாய்வதற்குள் குளம் இரண்டு முழம் இறங்கியது. தென்மூலை ஊற்று தெளிந்தது, பிறகு நின்றது. கீழே ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை.

பொன்வடிவு கரையில் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். கை தூக்க வரவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ இலேசாகி, எழுந்து நின்றால் மிதந்துவிடுவோமோ என்றிருந்தது அவளுக்கு. ஆட்கள் கட்டிலோடு தூக்கி வந்த பிரமு அக்கா, அவள் பக்கத்தில் இறக்கச் சொல்லி, தன் முந்தானையைக் கிழித்து அந்த மணிக்கட்டுக்கு இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டாள்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை கடைசல் தெருவின் கூட்டம் நடந்தது. இனிமேல் மெஷினைத் தொட என்ன சட்டம் என்று ஒருவர் கேட்டார். வைரவநாதன் பொன்வடிவைப் பார்த்தார், எல்லோரும் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை.

"வாரவங்கட்ட உளி யாருதுன்னு கேப்போம்," என்றாள். "நான் செஞ்சதுன்னு சொன்னா, வழிய விட்டுருவோம்." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் லிங்கதுரையின் வெல்டிங் பட்டறை வாசலில் வரிசை நின்றது. சண்முகக்கனி நின்றாள், வாத்தியார் நின்றார், சந்தைக் காய்காரன் நின்றான், ஒரு கை இல்லாத தபால்காரர் நின்றார், உளி என்றாலே ஆம்பளைச் சமாச்சாரம் என்று ஒதுங்கியிருந்த பெண்கள் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். ஆளுக்கொரு முழம் கம்பியும் ஓர் அரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், வாசலில், கிணற்றடியில், மாட்டுத் தொழுவத்தில், எங்கே வெளிச்சம் இருந்ததோ அங்கே உட்கார்ந்து ராவ ஆரம்பித்தார்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அரம் ராவும் சத்தம் எழுந்தது. கீழத்தெருக்காரர்கள் மறுபடியும் மழை பிடித்துவிட்டது என்று பதறி வெளியே ஓடிவந்தார்கள். தலைக்கு மேலே பளிச்சென்று வெயில். அவர்கள் அண்ணாந்தபடியே கொஞ்ச நேரம் நின்று, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கியதும், தங்கள் வீட்டுக் கம்பி எங்கே கிடக்கிறது என்று தேட உள்ளே போனார்கள்.